வேளிமலையைக் கடல்லயிருந்து பாத்தவன்

எனக்குச் சகாயத்து மேல குசும்பு. கிழக்க உள்ளவங்களுக்குக் குசும்புன்னா விளையாட்டுத்தனம். கருங்கல் ஊர்க்காரனான எனக்குக் குசும்புன்னா பொறாமை, அதுவும் வயிறு பத்தி எரியிற பொறாமை. மூடி மறைக்க என்ன இருக்கு, எளவு! பத்தொம்பது வருசமா பன்னிரண்டாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்கிற ஜெபசீலன் நான், மணியடிக்கிறவனைப் பாத்து எரிஞ்சேன்.

சகாயம் எங்க பள்ளிக்கூடத்து அட்டெண்டர். மண்டைக்காட்டுக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரன். பதினஞ்சு வயசில அப்பனுக்க வள்ளத்துல ஏறினவன், முப்பத்தொண்ணுல இஞ்சின்ல கை மாட்டி, ரெண்டு விரலைக் குடுத்துட்டுக் கரையேறினான். பங்குச்சாமியார் யாரையோ பிடிச்சு இந்த வேலையை வாங்கிக் குடுத்தாரு. மணியடிப்பான், சர்க்குலர் கொண்டு வருவான், சாயா வாங்கித் தருவான். பெண்டாட்டி ஷீஜா தையல்காரி, மகள் நர்சிங் படிக்கிறா. நாப்பத்தெட்டு வயசாகியும் தலையில ஒரு நரை கிடையாது. இதையெல்லாம் நான் எதுக்குக் கவனிச்சு வெச்சிருக்கேன்னு கேட்டா, எரியிறவனுக்கு அதுதானே ஜோலி.

எங்க பிள்ளேளு வாத்தியாருக்கு வட்டப்பேரு வெக்காம விடாது. ஒருத்தர் கொக்கு, ஒருத்தர் சொட்டை. எனக்கு மட்டும் 'மேப் சார்'. இந்த வேலையில எனக்குக் கெடச்ச ஒரே பட்டம் அதுதான். எச்.எம். பெமிலா டீச்சர்கூட "மேப் சாரைக் கூப்பிடுங்க"ன்னுதான் சொல்லுவாங்க. அதுக்குத்தான் வினை வந்தது.

சம உயரக் கோடு பாடம்னா பாதிப் பேருக்கு உறக்கம் வரும். "ஒரே உயரத்துல உள்ள எடங்களைச் சேக்கிற கோடு. நெருங்கியிருந்தா செங்குத்து, விலகியிருந்தா மென்சரிவு"ன்னு மீதிப் பேரு கடகடன்னு ஒப்பிக்கும். மேப்பை விரிச்சா முழிக்கும். போன ஆடியில ஒருநாள், மேப்புல ஊர்ப்பேரையெல்லாம் காகிதம் ஒட்டி மறைச்சுட்டு, "இது என்ன எடம்?"னு கேட்டேன். சர்க்குலர்ல கையொப்பு வாங்க வந்த சகாயம் என் தோளுக்கு மேல எட்டிப் பாத்தான்.

"சாரே, இது நம்ம வேளிமலைக்க தெக்குப் பக்கமில்லியா?"

"பேரை மறைச்சிருக்கேன். நீ எப்படிடே கண்ட?"

"சாரு சொல்லுகதைத்தான் வராண்டாவுல நின்னு கேட்டிருக்கேனே. இன்னா, கோடு நெருங்கிக் கெடக்கு, அப்ப இதுல மலை கடலைப் பாத்துக் குத்தனே எறங்கும். இந்த ரெண்டு வட்டமும் ரெண்டு முடி. நடுவுல மாட்டு முதுகு மாதிரிக் குழிஞ்சிருக்கும். வள்ளத்துல இருந்து எத்தனை வருசம் பாத்த மலை!"

மூணு விரலால சாக்பீசைப் பிடிச்சு, கடல்லயிருந்து தெரியிற மலையை ஒரே இழுப்புல பலகையில வரைஞ்சான். நான் வருசா வருசம் 'சேணம்'னு எழுதிப்போட்ட அந்தக் குழிவு அப்பத்தான் பிள்ளேளுக்குக் கண்ணுல தெரிஞ்சுது. கையைத் தட்டிச்சுங்க. எனக்கு ஒருநாளும் தட்டினதில்ல.

பெறவு என்ன! மத்தியானச் சோறு உண்டதும் பிள்ளேளு மேப்பைத் தூக்கிட்டு அவன்கிட்ட ஓடும். ஒரு வாரத்துல அவன் 'மேப் அண்ணன்' ஆயிட்டான். ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தர், "சாருக்கு ஆள் வந்தாச்சே"ன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சேன். நேரா எச்.எம். ரூமுக்குப் போய், "சகாயம் மணியை நேரத்துக்கு அடிக்கல்ல, கிளாஸ்ல வந்து நிக்கிறான்"னு வத்தி வெச்சேன். மணி ஒருநாளும் தவறினதில்ல, எனக்குத் தெரியும். மறுநாள் முதல் அவன் கிளாஸ் வாசல்படி ஏறல்ல. "செரி சாரே"ன்னு மட்டும் சொன்னான். அவன் கோவப்பட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பிள்ளேளு மத்தியானம் அவனைத் தேடிப் போறது மட்டும் நிக்கல்ல. மாசியில செய்முறைத் தேர்வு. வெளியிலயிருந்து வந்த தேர்வாளர் தோவாளைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியார், பேரு கிளீட்டஸ். கடற்கரையில வெக்கிற பேரு, அதைக் கண்டாவது எனக்கு உறைச்சிருக்கணும். அவர் மேப்பை விரிச்சுக் கேக்கக் கேக்க, ஒவ்வொரு பிள்ளையும் "கடல்லயிருந்து பாத்தா சார்..."னு தொடங்கிச்சு. முடி, சரிவு, பள்ளம் ஒண்ணும் பிசகல்ல. அவர் கண்ணாடியைக் கழட்டினாரு.

"இந்தப் பார்வை எந்தப் புத்தகத்திலயும் இல்லியே. ஆரு சொல்லித் தந்தது?"

பிள்ளேளு என்னைப் பாத்துச்சுங்க.

"நான்தான்"னேன்.

"அப்ப சாரு கடற்கரையா?"

வேற நாளு அப்படி ஒருத்தன் கேட்டிருந்தா, கடற்கரைக்காரங்கமேல எங்களுக்குள்ள இளக்காரத்துல முகம் சுளிச்சிருப்பேன். அன்னைக்கு நாக்குக் கூசாம "ஆமா"ன்னேன்.

"அப்படிப் போடுங்க! நான் குளச்சலாக்கும். உங்க வீட்டுக் கணியம் என்ன?"

கணியமா? அந்த வார்த்தையையே நான் கேட்டதில்ல. அந்நேரம் பாத்துச் சகாயம் சாயாவோட உள்ள வந்தான். கிளாசை மேசையில வெச்சுட்டு நிதானமாச் சொன்னான்.

"வேளிமலைத் தெக்கு முடியும் எங்க கோயில் குருசும் ஒரு நேருக்கு வரணும். கிழக்க முட்டத்துக் கலங்கரை விளக்கும் அதுக்குப் பின்ன நிக்கிற பொற்றைக்குன்னும் ஒரு நேருக்கு வரணும். ரெண்டு நேரும் முட்டுற எடத்துல அடியில பாறை உண்டு, தூண்டில் போட்டா கலவாமீன். எங்க அப்பனுக்க கணியம். சாரு எங்க கூட நின்னு படிச்சதாக்கும்."

கிளீட்டஸ் எழும்பி என் கையைப் பிடிச்சாரு. "கணியத்தை, மீன் கெடக்கிற எடத்துக்க அடையாளத்தைக் கூடப்பொறந்தவனுக்கே சொல்லமாட்டாங்களே! சாரு குடுத்து வெச்சவரு"ன்னு சொல்லி, எல்லாருக்கும் முழு மார்க் போட்டாரு.

அவர் போனதும் வராண்டாவுல சகாயத்தைப் பிடிச்சேன்.

"அது மெய்யாவே அப்பனுக்க கணியமாடே?"

"பின்ன? கணியத்துல ஆராவது பொய் சொல்லுவானா? என் தம்பிமாரு இப்பவும் அதுலதான் பிழைக்கானுவ."

"அதைப்போய் எனக்காகச் சொல்லிட்டியே!"

அவன் என்னை ஏற இறங்கப் பாத்தான். "சாருக்காகவா? சாரு பொய் சொன்னது தெரிஞ்சா அவரு பிள்ளேளுக்க மார்க்குலயில்லா கை வெப்பாரு. அதுக்காக்கும் சொன்னேன்." காலி கிளாசை எடுத்துக்கிட்டு நடந்தான்.

இருபத்திமூணு பிள்ளேளு. நான் படிப்பிச்ச பிள்ளேளு. இந்தப் பத்தொம்பது வருசத்துல அதுகளுக்காக எனக்குன்னு உள்ளதுல எதையாவது விட்டுக்குடுத்திருக்கேனான்னு நின்னு யோசிச்சேன். ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல்ல. அப்பவும் அவன்மேல எனக்கு நன்றி வரல்ல. இதுவும் அவனுக்கு இருக்கேன்னு எரிச்சல்தான் வந்தது.