உடையாத மூன்று கதவுகள்

கொலை வழக்கில் தனிப்படை என்றால் துரத்திப் பிடிப்பது என்று நினைப்பீர்கள். என்னைப் போன்ற பெண் காவலருக்கு அதில் கிடைக்கும் வேலை, ஒரே கேள்வியை நூறு வீட்டில் கேட்பது. வீடு வீடாக ஏறி இறங்கும் பிழைப்பில் இருப்பவர்களுக்கு என் கால்வலி புரியும்.

பட்டன் செல்போன் காலம். ஒரகடம் பக்கம் நாலே மாதத்தில் மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள். மூவரும் கம்பெனி வேலைக்கு வந்து, வாடகை அறையில் தனியாக இருந்தவர்கள். மூன்றும் பட்டப்பகலில் நடந்தவை. எந்தக் கதவும் உடைபடவில்லை. செல்போன் மட்டும் காணோம்.

டப்பா

இரண்டாவதாக இறந்த செல்வியோடு முன்பு ஒரே அறையில் இருந்தவள் மாரியம்மா. கோவில்பட்டிக்காரி, சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலுக்கு மாறியிருந்தாள். மூன்று முறை போயும் எதுவும் தெரியாது என்றாள். நாலாவது முறை, ஷிஃப்ட் முடிந்து தூங்கியவளை எழுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டேன். எழுந்துபோய், அறை மாறும்போது தன் சாமானோடு வந்துவிட்ட செல்வியின் செல்போன் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். போனின் அடையாள எண் அதில் இருந்தது. இனி யார் எந்த சிம் போட்டு ஆன் செய்தாலும் எங்களுக்குத் தெரிந்துவிடும். இதை ஏன் இத்தனை நாள் மறைத்தாய் என்று கேட்டேன்.

“போலீஸ் என்னையத் தேடி வருதுன்னு தெரிஞ்சா எங்கப்பா மறுநாளே ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு மேடம். நான் இங்கன இருக்கணும்.”

சவாரி

போன் ஆன் ஆகவே இல்லை. மேலிடத்து நெருக்கடி தாங்காமல், மூன்றாவது பெண்ணைக் கடைசியாக ஏற்றிப்போன படப்பை ஷேர் ஆட்டோக்காரர் அந்தோணியைக் கூட்டிவந்து ஸ்டேஷனில் இரண்டு நாள் உட்கார வைத்தோம். அவர் இல்லை என்று தெரிந்ததும் அனுப்பிவிட்டோம். அதன்பிறகு அவர் வண்டியில் பெண்கள் யாரும் ஏறவில்லை என்று கேள்விப்பட்டேன். மனசு கேட்கவில்லை. ஒரு காலையில் யூனிஃபார்மிலேயே ஸ்டாண்டுக்குப் போய், எல்லோரும் பார்க்க அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு அம்மா ஏறினார். பிறகு இரண்டு பெண்கள். ஒரகடத்தில் நான் இறங்கியதும் அந்தோணி சொன்னார்.

“இனிமேலாவது நல்லா விசாரிச்சிட்டு, அப்பறமா இட்டுக்கினு போங்க மேடம்.”

பிறந்தநாள் பரிசு

ஆறு வாரம் கழித்து செல்வியின் போன் சேரப்பணஞ்சேரியில் ஆன் ஆனது. வைத்திருந்தவள் தேவி. அவள் கணவன், வாடகை அறைகளுக்கு மோட்டார், ஃபேன் ரிப்பேர் பார்ப்பவன். வீட்டுக்காரர் அனுப்பினார் என்று சொன்னால் யார்தான் கதவைத் திறக்க மாட்டார்கள்? வேலை பார்த்த இடத்திலேயே அவனைப் பிடித்தார்கள்; மற்ற இரண்டு போன்களும் அவன் டூல் பையில் இருந்தன. அன்றைக்கே ஒத்துக்கொண்டான்.

தேவியிடம் போனை வாங்கிவரும் வேலை எனக்கு. அதுவரை அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. உட்காரவைத்து, நடந்ததை நானே சொன்னேன். அவள் அழவில்லை. போனில் எதையோ தேடி, செல்வி சிரிக்கிற ஒரு படத்தை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“பொறந்தநாளுக்குன்னு குடுத்தாரு, பழைய போனுன்னாரு. உள்ள இந்தப் பொண்ணு போட்டோ இருந்திச்சி. யாருன்னு தெரியாது, ஆனா அழிக்க மனசு வர்ல மேடம்.”

அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது, எனக்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. தேவிக்குக் கொடுக்க எங்கள் இலாகாவில் ஒரு தாள்கூட இல்லை.