சென்சார் கண்ணில் சந்தனம்

எங்கள் நிரல்மொழி கோபத்தில் பிறந்தது. வல்லம் வடகால் தொழிற்பேட்டையில் தொழிற்சாலை இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிறோம். ஒரு சென்சாரை மாற்றினால் மொத்த நிரலையும் பிரித்து மேய வேண்டியிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெட்டிகளுக்கென்றே ஒரு மொழியை உருவாக்க உட்கார்ந்தேன். சென்சாருக்கு ஒரு மாட்யூல், தகட்டை அழுத்தும் பிரஸ்ஸுக்கு ஒரு மாட்யூல் என்று நிரலைத் தனித்தனித் துண்டுகளாக்கினேன். ஒன்றின் உள்விவகாரத்தில் மற்றது தலையிட முடியாது. கேட்கலாம், பதில் வாங்கலாம், அவ்வளவுதான்.

ஒரு விதியில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். எந்தச் சென்சார் மாட்யூலுக்கும் 'ஆம்', 'இல்லை' தவிர 'தெரியவில்லை' என்ற பதிலும் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மொழி அந்த நிரலை ஏற்காது. எப்போதும் ஒரே பதிலைச் சொல்லும் சென்சாரை நம்பக் கூடாது, அதைத் 'தெரியவில்லை' என்றே கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. "வெட்டி வேலை" என்று கூட இருந்தவர்களே முனகினார்கள்.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை, ஒரே ஒரு உற்பத்தி லைனில் போட்டுப் பார்க்கச் சம்மதித்தது. "லைன் நின்னா பழசையே மாட்டிடுவோம்" என்றார் மேலாளர். எங்கள் உழைப்பெல்லாம் அந்த ஒரு லைனை நம்பி இருந்தது.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்த முதல் ஷிப்டிலேயே லைன் நின்றது.

"மேடம், லைன் நின்னுகினு கீது. சீக்கிரம் வாங்க" என்றார் சூப்பர்வைசர் போனில். ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். 'மூன்றாவது பிரஸ்: பாகம் இருக்கிறதா, தெரியவில்லை' என்று இருந்தது. மற்ற மாட்யூல்களில் குறையில்லை. குனிந்து பார்த்தால், பூஜையன்று யாரோ பக்தியோடு சென்சாரின் கண்ணிலேயே சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். துடைத்துவிட்டேன். பிரஸ் ஓடியது.

"பழைய நிரலா இருந்தா?" என்றார் மேலாளர்.

"பாகம் இருக்குன்னே நெனச்சிருக்கும் சார். ஆபரேட்டர் பாகத்த வெச்சிட்டுக் கைய எடுக்கறதுக்குள்ள பிரஸ் எறங்கியிருக்கும்."

மேலாளர் மற்ற லைன்களுக்கும் இதையே போடச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்கவும் நான் முயலவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். மூன்றாவது பிரஸ்ஸை ஓட்டும் பெண் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். சென்சார் கண்ணை விட்டுத் தள்ளிப் பொட்டு வைத்தார். பிறகு எங்கள் பெட்டியின் முன் நின்றார்.

"இதுக்கும் வெக்கணும் மேடம். என் கைய பாத்துக்கினது இதுதானே."

பெரிய பொட்டாகவே வைத்தார்.