பச்சை அறையில் ஒரு சாக்கு

அருக்காணியக்காவின் வீட்டுக் கதவு சாத்திப் பல வருஷமாக நான் பார்த்ததே இல்லை. மார்கழிப் பனியில் நாகலூரே போர்வைக்குள் சுருண்டு கிடக்கும்போதும் அந்தக் கதவு ஒரு சாண் திறந்தே இருக்கும். திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறீர்களா என்று எஸ்டேட் லைன் வீடுகளில் எல்லாரும் கேலி செய்வோம். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். கதவை மட்டும் சாத்தமாட்டாள்.

வயது ஐம்பத்தெட்டு. முப்பது வருஷம் காப்பிப் பழம் பறித்தவள். பேச்சு குறைவு, சுத்தம் அதிகம். அவள் பெருக்கிய தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம். அந்தச் சுத்தம்தான் அவளை மாட்டிவிட்டது.

அவள் வீட்டுக்காரர் காளியப்பன் எஸ்டேட்டில் காப்பிக் கொட்டை சேர்த்து வைக்கும் ஸ்டோரில் வேலை பார்த்தவர். பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாதத்து மத்தியானம் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. காப்பிக் கொட்டை களத்தில் காய்கிறது. ஸ்டோருக்குள் நின்றிருந்தவரைப் பார்த்து, அங்கே என்ன நிற்கிறீர்கள், ஓடிவாருங்கள் என்று களத்திலிருந்து சத்தம் போட்டவள் அருக்காணியக்காதான். மழைக்குத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் சாக்கை ஆணியிலேயே விட்டுவிட்டு அவர் ஓடிவந்தார். பாதி வழியில் ஒரு சில்வர் ஓக் மரம் முறிந்து அவர் மேல் விழுந்தது.

வெளியே அடிபட்டுச் செத்தவரை அந்த இடத்துக்கே போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் லைனில் வழக்கம். அவருடைய தம்பி மூக்கன் மரத்தடியில் நின்று மூன்று தடவை கூப்பிட்டார். கூப்பிட்டவர்கள் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும், அப்படித்தான் நடந்தார்கள். ஆனாலும் அவர் வந்து சேர்ந்ததாக அருக்காணியக்காவுக்குத் தோன்றவில்லை. கதவு திறந்து கிடப்பது அன்றிலிருந்துதான்.

ஆணியில் தொங்கிய சாக்கைத் தொட யாருக்கும் மனசு வரவில்லை. ஆறு வருஷம் அது அங்கேயே தொங்கியது. பிறகு ஸ்டோர் கைமாறியது. படம் வரைகிற பிரிஸ்கில்லா மேடம் அதை வாங்கி ஸ்டுடியோ ஆக்கினார். பழைய தட்டுமுட்டோடு சாக்கும் குப்பைக்குப் போனது. பெருக்கித் துடைக்க மேடம் அக்காவையே வைத்துக்கொண்டார். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: சுவரைத் தொடாதே.

போன பொங்கலுக்கு மேடம் சென்னை போயிருந்தார். நல்ல நாள் வருகிறது, சுவரெல்லாம் கறையும் பூஞ்சணமுமாக இருக்கிறது. அக்காவுக்குக் கை சும்மா இருக்குமா? வாசலில் பூளைப்பூக் காப்புக் கட்டுவதற்குள் தன் வீட்டோடு சேர்த்து ஸ்டுடியோவுக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டாள்.

திரும்பி வந்த மேடம் திட்டவில்லை, அழுதார். எதை அழித்தாய் என்று பார் என்று, முடித்து வைத்திருந்த ஒரு படத்தைத் திருப்பிக் காட்டினார். கேஸ் சிலிண்டர் இறக்க வண்டியோடு போயிருந்த நானும் பார்த்தேன். அந்த ஸ்டுடியோவேதான் படம். சுவர், தரை, கூரை எல்லாம் ஒரே பாசிப் பச்சை. மேசை, முக்காலி, ஜன்னல் எல்லாம் வெறும் கோடு. ஆள் யாரும் இல்லை. லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிறவன்கூட இதைவிட ஒழுங்காக அடிப்பானே என்று நினைத்துக்கொண்டேன். சுவரில் இருந்த அத்தனை கறைகளில் மேடம் வரைந்தது ஒன்றைத்தான். ஒரு ஆணி, அதற்குக் கீழே தலையும் தோளுமாக, பெயிண்டே படாத ஒரு வெளுப்பு.

அக்கா விளக்குமாற்றைக் கீழே போட்டாள். கறையோடு கறையாகச் சுவரில் இருந்தபோது தெரியாதது, படத்தில் தனியாக நின்றதும் தெரிந்துவிட்டது. அது அந்தச் சாக்கு தொங்கிய தடம். ஆறு வருஷம் சாக்கு மறைத்திருந்த இடத்தில் மட்டும் புகையும் தூசியும் படியவில்லை. அதைத்தான் அவள் தன் கையாலேயே பூசி மூடியிருந்தாள். எனக்கும் உடம்பு சிலிர்த்தது, பொய் சொல்வானேன்.

அப்புறம் அவள் அங்கே கால் வைக்கவில்லை. படத்தைச் சென்னையில் யாரோ வாங்கிவிட்டார்கள். மாசி மாதம் அதைச் சேலத்துக்குக் கொண்டுபோய்ப் பார்சலில் சேர்க்க என் பிக்கப் வண்டியைத்தான் மேடம் வாடகைக்குப் பேசியிருந்தார். வழியில் நிறுத்தாதே, சுற்றிய கம்பளியைப் பிரிக்காதே என்று இரண்டு தடவை சொன்னார்.

எங்கள் லைனுக்கு முன்னால் அக்கா நடுரோட்டில் நின்றிருந்தாள். ஹாரன் அடித்தும் நகரவில்லை. எரிச்சலோடு இறங்கினேன்.

"மரத்தடியில கூப்புட்டது தப்பு, கோபி கண்ணு," என்றாள். "அடிபட்டவரு சாக்க எடுக்க ஸ்டோருக்கே திரும்பிப் போயிருக்காரு. மழ உடட்டும்னு இன்னும் அங்கயே நிக்கறாரு. செவுத்துல இருந்த எடத்தையும் நாந்தான் அழிச்சுப்போட்டேன். இந்தப் படமும் போயிருச்சுன்னா அவரு எங்க போவாரு?"

எல்லாம் மனப்பிரமை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் படத்தை ஏற்றியதிலிருந்து எனக்கும் பின்னால் யாரோ உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. இரண்டு வளைவு தாண்டுவதற்குள் மூன்று தடவை கண்ணாடியைப் பார்த்திருந்தேன். கயிற்றை அவிழ்த்து, ஆணி இருந்த மூலையில் மட்டும் கம்பளியை விலக்கினேன்.

அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்படி என்னிடம் சொன்னாள். கட்டினவள் சொன்னால் வீட்டுக்காரருக்கு ஆயுசு குறையும் என்பார்கள். எனக்கோ பயம். மாட்டேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். இனிமேல் குறைய ஆயுசு ஏது என்று நினைத்தாளோ என்னவோ, முந்தானையைச் சரிசெய்துகொண்டு படத்தின் பக்கம் திரும்பினாள்.

"காளியப்பன்," என்றாள். கல்யாணமான நாளிலிருந்து வாயில் வராத பெயர், தடுக்கித் தடுக்கி வந்தது. மூன்று தடவை சொன்னாள். "மழ உட்டுருச்சுங்க. ஊட்டுக்கு வாங்க."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வாசலில் கதவை அகலத் திறந்து, ஒருவர் போகிற அளவுக்கு ஒதுங்கி நின்றாள். பிறகு அவளும் உள்ளே போனாள். நான் கம்பளியை மூடிக் கட்டிவிட்டு வண்டியை எடுத்தேன். மலை இறங்கும் வரைக்கும் கண்ணாடியைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பார்சலைச் சேர்த்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினேன். நாகலூர் முழுக்க மூடுபனி. லைனுக்கு முன்னால் வண்டியை மெதுவாக்கினேன். அருக்காணியக்காவின் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.