பிக்கப்புக்கு நாலாவது ஆள்

"...மூணு பேருக்காவல்லாம் வண்டிய உள்ள வுட முடியாதுன்னுட்டாங்கக்கா. திங்கக்கெழமலருந்து நம்ம ஊரு பிக்கப் கட்டு. நீ ஒரு வார்த்த அந்த செல்விகிட்ட சொல்லேன்."

வந்த வேகத்தில் சொல்லிவிட்டு, சமையல்கட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள் எதிர்வீட்டுக் கஸ்தூரி.

கஸ்தூரிக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. விடியற்காலையில் கம்பெனி வேன் பெருநகர் ரோட்டை விட்டு எங்கள் ஊருக்குள் திரும்பி வந்து ஏற்றிக்கொண்டு போகும். நாலு பேராவது இருந்தால்தான் திரும்பும். போன மாதம் ஒரு பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். மிச்சம் மூன்று பேர்.

வேன் வராவிட்டால் என்ன? இருட்டில் வயலோரமாக மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். அவள் வீட்டில் விடமாட்டார்கள். 'பொம்பள வேலைக்குப் போயி இன்னா ஆவப்போவுது' என்றவர்களோடு மல்லுக்கட்டி வாங்கிய வேலை. ஒரு வேன் திரும்பாததால் போய்விடும்...

பிக்கப்! இந்த வார்த்தையை நம் ஆட்கள் எப்படியெல்லாம் வேலை வாங்குகிறார்கள், பாருங்கள். மெக்கானிக் வண்டியை முறுக்கிப் பார்த்து "பிக்கப் இல்ல" என்கிறார். பஸ் ஸ்டாண்டு டிபன் கடைக்காரர் "இப்பத்தான் கொஞ்சம் பிக்கப் ஆயிக்கினு கீது" என்கிறார். நெல் மூட்டை ஏற்றிப் போகிற வண்டிக்குப் பெயரே பிக்கப். கணக்கில் திணறிய பையன் பாஸாகிவிட்டால் அவனும் பிக்கப் ஆகிவிட்டான்!

ஒரு தடவை டிக்‌ஷனரியைத் திறந்து பார்த்தேன். கீழே கிடப்பதை எடுப்பது, காதில் விழுந்தே ஒரு பாஷையைக் கற்றுக்கொள்வது, ஜலதோஷத்தை ஒட்டவைத்துக்கொள்வது... போய்க்கொண்டே இருந்தது. நடுவில் ஒன்று - விட்ட இடத்திலிருந்து மறுபடியும் தொடர்வது.

அதை மட்டும் நாம் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? நமக்கு விட்டால் விட்டதுதான் போலிருக்கிறது.

கஸ்தூரியும் செல்வியும் அப்படித்தான் பேச்சை விட்டார்கள். செல்வி, கஸ்தூரியின் கொழுந்தனார் மனைவி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இரண்டு பேரும் ஒரே வேனில், ஒரே சீட்டில் போய் வந்தவர்கள்.

செல்வி மகளுக்குக் காதுகுத்து வந்தது. கஸ்தூரியைப் போனில் அழைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு போனில்! 'ஊரெல்லாம் நேர்ல போயி கூப்ட்டவளுக்கு இங்க வர கால் நோவுதா' என்று கஸ்தூரி போகவில்லை. 'சொந்தப் பெரியம்மாவே வரலை' என்று செல்விக்கு ஆறவில்லை. அந்த மூஞ்சியோடு ஒரே வண்டியில் போகமாட்டேன் என்று வேலையையே விட்டுவிட்டாள்.

இப்போது செல்வி வந்தால் நாலு பேர். சூப்பர்வைசரும் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாராம்.

அன்று காலை கஸ்தூரி ஜாடையாகச் சொல்லியும் பார்த்திருக்கிறாள். வாசலில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்து, வண்டிக்கு ஒரு ஆள் குறைகிறது என்று உரக்கச் சொன்னாளாம். பக்கத்து வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த செல்வி, கையிலிருந்த குண்டானிடம் பதில் சொன்னாளாம்:

"ஆள் வேணும்னா ஆளக் கேக்கணும். ஆட்டக் கேட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கஸ்தூரி முறைத்தாள்.

"உனுக்கு சிரிப்பா கீது. நான் பெரியவ, அவ கால்ல போயி வுழுவணுமா? நீ சொன்னா கேப்பா."

யோசித்தேன். ஜாடையில் எல்லாம் முடிகிறது. திட்டலாம், குத்திக்காட்டலாம், வீட்டுச் செய்தியைக்கூட சொல்லிவிடலாம். 'வா' என்று ஒருத்தரைக் கூப்பிட மட்டும் முடிவதில்லை. அதற்கு எதிரில் போய் நின்றாக வேண்டும். நாம் நடந்து போகிற அந்தப் பத்தடியில்தான் மரியாதையே இருக்கிறது. அது தெரிந்ததால்தானே அன்றைக்கு இவளுக்கு அப்படி வலித்தது?

"சொல்றேன் கஸ்தூரி. ஆனா நான் போயி சொன்னா, அதுவும் போன்ல கூப்ட்டா மாதிரிதானே?"

கஸ்தூரி முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள். எதிர்வாசலில் செல்வியின் குரல் கேட்டது. யாரையோ சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கஸ்தூரி எழுந்தாள். கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். என் அலமாரியிலிருந்து தாம்பாளத்தை அவளே எடுத்தாள். வெற்றிலை, பாக்கு, பழம் கேட்டாள். குங்குமச்சிமிழையும் வைத்தாள். இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு, தெருவைக் கடந்து செல்வி வீட்டுப் படியேறினாள்...

கம்பெனி வேனுக்கு அழைக்க!