அம்மா தாங்கிய இன்ஜின்

எங்கள் அம்மா ஊத்துக்கோட்டை அருகே ஒரு சிற்றூரில் பிறந்தார். பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. மணமாகி ஆரம்பாக்கம் வந்தபின் காலையில் நடவு, மதியத்துக்கு மேல் கும்மிடிப்பூண்டி கம்பெனி ஒன்றின் கேன்டீனில் பாத்திரம் துலக்கும் வேலை. அந்த உழைப்பில்தான் நான் கல்லூரி முடித்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான் என்று இந்த நினைவுமலரில் எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை.

அம்மாவை எல்லோரும் பொறுமைசாலி என்கிறார்கள். நான் கண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுபவர், கம்பெனி ஆட்களை ஏற்றிச் செல்லும் பழைய கார் ஓட்டுகிறார். அதன் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்து வண்டி உதறியது. மறுநாள் ஷிப்டுக்கு வண்டி வேண்டும். வாசலிலேயே மாற்றிவிடலாம் என்று முன்பக்கத்தைக் கற்கள்மேல் ஏற்றி, இன்ஜினுக்கு அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்தார். பழைய மவுண்டிங் கழன்று வந்தது. புதியதன் துளை போல்ட்டுக்கு நேராக வரவில்லை. கையை உள்ளே விட்டு நகர்த்தியபோது, எண்ணெய் கசிந்துகொண்டிருந்த ஜாக்கி இறங்கியது. இன்ஜின் நைனாவின் விரல்கள்மேல் உட்கார்ந்தது.

அவர் கத்தவில்லை. "மாட்டிக்கிச்சி" என்றார்.

அம்மா கொல்லையிலிருந்து சவுக்குக் கட்டையை இழுத்து வந்து இன்ஜினுக்கு அடியில் நுழைத்து, கல்லை முட்டுக்கொடுத்து, வெளிமுனையில் முழு உடம்பையும் போட்டு அழுத்தினார். இன்ஜின் இறங்குவது நின்றது. விரல் வரவில்லை. நான் ஜாக்கியைப் பம்ப் அடித்தேன், ஏறவில்லை.

"போய் உங்க பெரியப்பாவ இட்டாடி. டிராக்டர் ஜாக்கியோட வரச் சொல்லு."

பெரியப்பா அடுத்த வீடுதான். வரப்புத் தகராறில் நைனாவோடு பேச்சு நின்று வருடங்களாகியிருந்தன.

"அந்த ஆளு வாணாம்" என்றார் நைனா.

"வெரலு போனா ஸ்டீரிங்க இன்னாத்தால புடிப்பே, ரோசத்தாலயா? நீ ஓடுடி."

சாப்பிட்டுக்கொண்டிருந்த பெரியப்பா கை கழுவாமல் வந்தார். ஜாக்கியை உள்ளே தள்ளும்போது கட்டை வழுக்கியது. "மாமா, சீக்கிரம்" என்று பெரியப்பாவிடம் கூவிக்கொண்டே அம்மா கட்டைமேல் மறுபடி விழுந்து அழுத்தினார். இன்ஜின் மேலேறியது. விரல்கள் நசுங்கியிருந்தன. ஆனால் கையோடு இருந்தன.

நைனாவின் கைக்குக் கட்டுப் போட்டுத் திரும்பியபோது பெரியப்பா மவுண்டிங்கைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"பெரிய ஸ்பானர் எங்கன்னு கேளும்மா" என்றார் அம்மாவிடம்.

"சீட்டுக்கு அடியில கீதுன்னு சொல்லு" என்றார் இரண்டடி தள்ளி நின்ற நைனா.

அன்று முதல் இருவரும் அம்மா வழியாகவே பேசினார்கள். அம்மாவும் இரண்டு பக்கமும் தம் பங்குக்குக் கொஞ்சம் திட்டைச் சேர்த்தே சொல்லிவந்தார்.

நோயுற்ற நாட்களில் அம்மா அதே காரில், பெரியம்மாவின் மடியில் படுத்தபடிதான் மருத்துவமனைக்குப் போய் வந்தார். பெரியம்மாவுக்கும், கஞ்சி கொடுத்தனுப்பிய நடவுத் தோழியருக்கும், ஷிப்டு முடிந்து வந்து துணையிருந்த கேன்டீன் அக்காமாருக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள். பெரியப்பாவுக்கு மட்டும் நான் இங்கே நன்றி எழுதவில்லை; அது நைனா சொல்ல வேண்டியது.

அம்மாவின் கருமாதியன்று பந்தலில், "உங்க பெரியப்பாவ சாப்பிடச் சொல்லும்மா" என்றார் நைனா. நான் அசையவில்லை. நைனா தாமே நடந்து போய், பெரியப்பாவின் நாற்காலி முன் நின்றார்.

"எலை போட்டாச்சி. எய்ந்து வாண்ணா."