வலையில் ஒட்டிய சேறு

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் எழுத வந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள்.

மன்னாரில் சிறுகதை வகுப்பொன்றுக்குப் போகிறேன். போன சனிக்கிழமை என் முதற் கதையை வாசித்தேன். கூடப்பிறந்த தங்கையோடு பேசாத ஒருத்தியின் கதை. உண்மையில் அது எங்கள் வேலியில் ஆடு கட்டும் பிலோமினா அக்காவின் கதை. பெயரையும் ஊரையும் மாற்றிவிட்ட தைரியத்தில், துணைக்கு வந்திருந்த அவர் முன்னாலேயே வாசித்தேன். முடித்து நிமிர்ந்தபோது அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். யன்னலுக்கு வெளியே காய்ந்த வலையிலிருந்து சேற்று மணம் வந்தது.

எங்கள் ஊர் விடத்தல்தீவில் இறால் பட்ட இடத்தை எவரும் உள்ளபடி சொல்வதில்லை. அப்பா கரையேறியதும் சூசை மாமா வந்து நிற்பார்.

"எங்கால மச்சான் இவ்வளவு இறால்?"

"இலுப்பைக்கடவைப் பக்கம்."

மாமா வலையில் ஒட்டிய சேற்றை விரலில் தேய்த்து மணந்து பார்ப்பார்.

"அந்தப் பக்கச் சேறு இப்பிடி மணக்காது மச்சான்."

பிறகு அப்பா வலையைக் கடலிலேயே அலசிவிட்டு வரத் தொடங்கினார். மாமா அதையும் நம்பவில்லை.

"இண்டைக்கு வலையும் குளிச்சிட்டு வந்திருக்கு. பெரிசா எதையோ ஒளிக்கிறாய்."

அன்று வகுப்பு முடிந்து திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா மெதுவாகக் கேட்டார்.

"பேரை மாத்தினாய், ஊரை மாத்தினாய். அந்த ஒத்தைக்கொம்பு ஆட்டை ஏன்டி மாத்தேல்லை?"

"அது வேற ஆடு அக்கா."

"ஓம், ஓம்."

அடுத்த நாள் அக்காவின் ஆடு எங்கள் வேலியில் இல்லை. அவர் வீட்டுக்கு மற்றப் பக்கத்து வேலியில் கட்டியிருந்தது.