அக்கா புள்ளடி போட்ட கட்சி

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில், எனக்கு மேல்வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துச் சீவிக்கிறார். அவருடைய ஒரே மகனைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்துக்கொண்டு போய்ப் பல வருடங்களாகிவிட்டன. வழக்கு தவணை தவணையாகத் தள்ளிப்போகிறது.

எங்கள் வீட்டில் வாக்கு பரம்பரைச் சொத்து மாதிரி. அப்பா எந்தத் தமிழ்க் கட்சிக்குப் புள்ளடி போட்டாரோ, அதற்கே நானும் போட்டேன். அந்தக் கட்சியின் கொள்கை என்னவென்று நான் கேட்டதில்லை. அக்கா அதுவரை வாக்களிக்கவே போனதில்லை.

ஒரு தேர்தலுக்கு முன், எல்லாவற்றையும் மாற்றுவோம் என்று சொன்ன கட்சியிலிருந்து ஒரு சிங்களப் பெண் படியேறி வந்தாள். அக்கா என்னைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் கேட்கச் சொன்னார். ஊழல், விலைவாசி பற்றியெல்லாம் அவருக்கு அக்கறையில்லை. மகனைப் பிடித்த அந்தச் சட்டத்தை நீக்குவார்களா என்பதே கேள்வி. நான் கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சமும் யோசிக்காமல், நிச்சயமாக நீக்குவோம், அது எங்கள் வாக்குறுதி என்றாள். அவள் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை.

அடுத்த நாளிலிருந்து அக்கா அவர்களோடு மட்டக்குளி வீட்டுத் திட்டங்களில் வீடு வீடாக ஏறி இறங்கினார். முழங்கால் வலிக்குத் தைலம் பூசிக்கொண்டு போனார். நானும் அந்த முறை அப்பாவின் கட்சியை விட்டேன். அவர்கள் வென்ற அன்று கீழே பாற்சோறு பரிமாறினார்கள். அக்கா இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார்.

மாதங்கள் போயின. சட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. ஒருநாள் நானும் அக்காவும் கட்சி அலுவலகத்துக்குப் போனோம். அதே பெண் எழும்பிக் கதிரை தந்தாள், தேத்தண்ணி தந்தாள். குழு அமைத்திருக்கிறார்கள், புதுச் சட்டம் எழுதுகிறார்கள், கொஞ்சம் பொறுங்கள் என்றாள். பேசும்போது அவள் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு உள்ளூராட்சித் தேர்தல் வந்தது. இந்த முறை அக்கா வீட்டிலேயே இருந்துவிடுவார் என்று நினைத்தேன். காலையிலேயே சேலை உடுத்துக்கொண்டு வந்து நின்றார். ஆருக்குப் போடப் போறீங்கள் என்று கேட்டேன். அதே கட்சிக்குத்தான் என்றார்.

"ஏனக்கா? அவை ஒண்டும் செய்யேல்லையே."

"மற்றவை முதலே ஏலாதெண்டு சொல்லிப்போட்டினம், தம்பி. இவை ஓமெண்டு சொன்னவை. சொன்னவையிட்டத்தானே போய்க் கேக்கலாம். வேற ஆரிட்டப் போறது?"

வாக்குச்சாவடியில் நானும் அவர் போட்டதற்கே போட்டுவிட்டு வந்தேன். நம்பிக்கையில் அல்ல, அவரைத் தனியே விட மனம் வரவில்லை.

எங்கள் வட்டாரத்தில் அந்தக் கட்சியே வென்றது. அடுத்த கிழமை சிறைச்சாலைக்கு அக்காவோடு நானும் போனேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் மகன் நின்றான். தலைமயிர் நரைக்கத் தொடங்கியிருந்தது. கட்சி வென்ற செய்தியை அக்கா சொன்னார். அவன் முழுவதையும் கேட்டான், கோபப்படவில்லை.

"அம்மா, இனி எலெக்‌ஷன் கதை கொண்டுவராதேங்கோ. ரெண்டு பெனியன் கொண்டுவாங்கோ."

அக்கா தலையாட்டினார். வரும் வழியில் மருதானையில் இறங்கி, அவனுக்கு இப்போது என்ன அளவு சரியாயிருக்கும் என்று தெரியாமல் கடைக்காரருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தோம்.